பைத்தான் ஆப்ஜெக்டை ஜேசானாக எழுதித் திரும்ப வாசித்தால் தகவல் மாறிவிடுகிறது: சரியான முறை எது?

கேள்வி: புதுநிரல்

வணக்கம். பணித் திட்டமிடலுக்கான மென்பொருள் ஒன்றை எழுதிவருகிறேன். சர்வர் பக்கம் பைத்தான், உலாவிப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். விரைவில் கோ மொழியில் எழுதப்பட்ட அறிக்கைச் சேவை ஒன்றும் இதே தகவலை வாசிக்கப் போகிறது.

நிரலுக்குள் ‘பணி’ என்றொரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பு) இருக்கிறது. 64 பிட் அடையாள எண், தலைப்பு, கெடு தேதி, நிலை (இது ஈனம் வகை, அதாவது enum: முன்பே வரையறுத்த சில மதிப்புகளில் ஒன்று), குறிச்சொற்களின் செட் (வரிசை இல்லாத தொகுப்பு), மதிப்பிட்ட மணிநேரம் (டெசிமல், அதாவது துல்லியமான தசம எண்), தாய்ப்பணி, துணைப்பணிகளின் லிஸ்ட் ஆகியவை அதன் புலங்கள். ஆப்ஜெக்டின் சாவி, மதிப்பு ஜோடிகளைக் கொண்ட உள் டிக்‌ஷனரியை அப்படியே எடுத்து ஜேசானாக (நிரல்களுக்கிடையே தகவலைப் பரிமாறும் எழுத்து வடிவம்) எழுதும் ஒரு சிறு ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். அது ஏற்காத வகைகளுக்கு ஒவ்வொன்றாக விதிவிலக்கு சேர்த்துக்கொண்டே போகிறேன். இப்போது நிலைமை இப்படி இருக்கிறது:

சில பணிகளின் அடையாள எண்ணில் கடைசி இலக்கம் உலாவியில் வேறாகத் தெரிகிறது. எல்லாப் பணிகளுக்கும் அப்படி ஆவதில்லை.

15ஆம் தேதி கெடு என்று போட்டால் சில பயனர்களுக்கு 14 என்று காட்டுகிறது.

அடையாள எண்ணைச் சாவியாக வைத்த டிக்‌ஷனரி ஒன்றைக் கோப்பில் எழுதித் திரும்ப வாசித்தால், அதே எண்ணைக் கொடுத்துத் தேடும்போது எதுவும் கிடைப்பதில்லை.

தாய்ப்பணியும் துணைப்பணியும் ஒன்றையொன்று சுட்டுவதால் ‘சுற்றுக் குறிப்பு’ என்று பைத்தான் பிழை எழுப்புகிறது. தற்காலிகமாகத் தாய்ப்பணிப் புலத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

தமிழ்த் தலைப்புகள் கோப்பில் பின்சாய்வுக் கோடும் எண்களுமாக இருக்கின்றன. வாசிக்கும்போது சரியாகிவிடுகிறது, ஆனால் கோப்பைத் திறந்தால் ஒன்றும் புரிவதில்லை.

இதையெல்லாம் தானாகக் கவனித்துக்கொள்ளும் லைப்ரரி ஏதாவது உண்டா? சர்வருக்குள் சேமிப்பதற்கு மட்டும் பிக்கிள் (பைத்தானின் சொந்தச் சேமிப்பு வடிவம்) பயன்படுத்தலாமா? அல்லது இப்போதே புரோட்டோபஃப் (கூகுளின் இரும வடிவம்) பக்கம் போய்விடுவது நல்லதா?

மறுமொழி 1: விரைவுவழி

பைடான்டிக் என்ற பைத்தான் லைப்ரரியைப் பாருங்கள். கிளாஸில் ஒவ்வொரு புலத்துக்கும் வகையைச் சொல்லிவிட்டால் எழுதுவது, வாசிப்பது, சரிபார்ப்பது மூன்றையும் அதுவே செய்யும். தேதி, செட், ஈனம், டெசிமல் எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கிறது.

சர்வருக்குள் மட்டும் என்றால் பிக்கிள் போதும். சுற்றுக் குறிப்புகளையும் அது தாங்கும். நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

மறுமொழி 2: பழையகோப்பு

வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட நிரல்களுக்கு இடையே தகவல் போய்வரும் பகுதியைப் பராமரிப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன கோளாறுகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்டையே வெளியே போகும் ஆவணமாகவும் பயன்படுத்துகிறீர்கள். ‘பணி’ கிளாஸ் உங்கள் நிரலின் வசதிக்காக உருவானது. நாளைக்கே ஒரு புலத்தின் பெயரை மாற்றவோ, ஒரு கிளாஸை இரண்டாக உடைக்கவோ உங்களுக்கு முழு உரிமை வேண்டும். வெளியே போகும் ஜேசானை வாசிப்பவரோ வேறொருவர், வேறொரு மொழியில், ஒருவேளை சில ஆண்டுகள் கழித்து. இரண்டையும் ஒட்டிவைத்தால், உள்ளே ஒரு பெயரை மாற்றினாலும் வெளியே யாரோ ஒருவருடைய நிரல் நின்றுபோகும். ஆகவே லைப்ரரி தேடுவதற்கு முன், வெளி வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி முடிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகு ஆப்ஜெக்டிலிருந்து அந்த வடிவத்துக்கு ஒரு ஃபங்ஷன், அந்த வடிவத்திலிருந்து ஆப்ஜெக்டுக்கு ஒரு ஃபங்ஷன். இரண்டையும் கையாலேயே எழுதலாம். எட்டுப் புலம் உள்ள கிளாஸுக்கு அது ஒரு பிற்பகல் வேலைகூட இல்லை.

பைடான்டிக் நல்ல கருவி. அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை உள் கிளாஸின் மேல் ஒட்டாமல், வெளி வடிவத்துக்கென்று தனி மாடல் எழுதிப் பயன்படுத்துங்கள். 64 பிட் எண்ணைச் சரமாக அனுப்ப வேண்டுமா, வெறும் தேதியா அல்லது ஒரு கணமா என்பதையெல்லாம் எந்த லைப்ரரியும் உங்களுக்காக முடிவுசெய்யாது. அதற்கு உங்கள் தகவலின் பொருள் தெரியாது.

அடையாள எண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் இங்கே பிழைச் செய்தியே வராது. ஜேசானின் இலக்கணம் எண்ணுக்கு எந்த எல்லையும் வைக்கவில்லை. நூறு இலக்கம் எழுதினாலும் அது செல்லுபடியாகும் ஜேசான்தான். பைத்தானும் இப்படிப்பட்ட பெரிய முழு எண்ணை அப்படியே எழுதும், அப்படியே வாசிக்கும். ஜாவாஸ்கிரிப்டிலோ எண் என்பது ஐஇஇஇ 754 தரத்தின் 64 பிட் மிதவை எண் (பின்னங்களையும் தோராயமாகத் தாங்கும் வகை). அதில் 53 பிட் துல்லியம்தான் உண்டு. 9007199254740991 வரைக்கும் எல்லா முழு எண்களையும் நம்பிக் கொடுக்கலாம். அதற்கு மேல் அண்டை எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 9007199254740993 என்று சர்வர் அனுப்பினால் உலாவி அதை 9007199254740992 என்று வாசிக்கும். அந்த எண்ணில் ஏற்கெனவே வேறொரு பணி இருந்தால், பயனர் ஒரு பணியைத் திருத்த, மற்றொன்று மாறும். எல்லா எண்களும் இப்படிக் கெடாமல் சில மட்டும் கெடுவது ஏன் என்று கேட்டீர்கள். அந்த எல்லைக்குச் சற்று மேலே இரட்டைப்படை எண்கள் தப்பிவிடும், ஒற்றைப்படை எண்கள் நகர்ந்துவிடும். இன்னும் மேலே போகப் போக இடைவெளி நான்கு, எட்டு என்று பெருகும்.

2017 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 8259, இன்றைய ஜேசான் தரம், இந்த எல்லையை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. 2010இல் ட்விட்டர் புதிய 64 பிட் அடையாளங்களுக்கு மாறியபோது, எண்ணோடு அதே மதிப்பைச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். புரோட்டோபஃப் தன் தகவலை ஜேசானாக எழுதும்போதும் 64 பிட் முழு எண்களை மேற்கோள் குறிக்குள்தான் போடுகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடையாளத்தை யாரும் கூட்டப் போவதும் இல்லை, கழிக்கப் போவதும் இல்லை. அது ஒரு பெயர். பெயரைச் சரமாக அனுப்புவதில் எந்த நட்டமும் இல்லை. கோ மொழிச் சேவைக்கும் இது பாதுகாப்பு. அங்கே வகை சொல்லாமல் பொதுவான மதிப்பாக ஜேசானை வாசித்தால் எண்கள் எல்லாம் 64 பிட் மிதவை எண்ணாகவே வந்து விழும்.

டிக்‌ஷனரிச் சாவி விஷயமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜேசானில் சாவி எப்போதுமே சரம். பைத்தானின் ஜேசான் மாட்யூல் முழு எண் சாவியைக் கண்டால் பிழை எழுப்பாமல் அதைச் சரமாக மாற்றி எழுதிவிடும். திரும்ப வாசிக்கும்போது எண்ணாக மாற்றாது. அதனால்தான் தேடினால் கிடைப்பதில்லை. இதில் இன்னொரு அபாயமும் உண்டு. ஒரே டிக்‌ஷனரியில் 7 என்ற எண்ணும் "7" என்ற சரமும் சாவிகளாக இருந்தால், எழுதப்படும் ஜேசானில் ஒரே சாவி இரண்டு முறை வரும்:

{"7": "முதல் மதிப்பு", "7": "இரண்டாம் மதிப்பு"}

சாவிகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று தரம் பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. எனவே ஒரு பார்சர் (ஜேசானை வாசித்துப் பிரிக்கும் நிரல்) முதலாவதை எடுக்கும், இன்னொன்று கடைசியை எடுக்கும், வேறொன்று பிழை சொல்லும். இது ஏட்டளவிலான கவலை என்று நினைக்காதீர்கள். 2017இல் கவுச்டிபி தரவுத்தளத்தில் இதனாலேயே பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்தது. பயனர் ஆவணத்தைச் சரிபார்த்த ஜாவாஸ்கிரிப்ட் பகுதி ஒரே சாவியின் ஒரு மதிப்பைப் பார்த்தது. அனுமதியைத் தீர்மானித்த எர்லாங் மொழிப் பகுதி மற்றொரு மதிப்பைப் பார்த்தது. சாதாரணப் பயனர் ஒருவர் தனக்கே நிர்வாகி அதிகாரம் கொடுத்துக்கொள்ள அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. ஒரே ஆவணத்தை இரண்டு பார்சர் வாசிக்கும் எந்த இடத்திலும் இதை நினைவில் வையுங்கள். பைத்தானில் வாசிக்கும்போது சாவி, மதிப்பு ஜோடிகளை நாமே பெற்றுச் சரிபார்க்க ஒரு கொக்கி (நம் ஃபங்ஷனை இடையில் செருகும் வசதி) இருக்கிறது. அதில் இரட்டைச் சாவி வந்தால் மறுத்துவிடுங்கள்.

அடுத்தது சுற்றுக் குறிப்பு. ஜேசான் ஒரு மரம். உங்கள் பணிகள் மரமல்ல. கீழேயிருந்து மேலேயும் கோடு போகிறது. தாய்ப்பணிப் புலத்தை விட்டுவிட்டுத் துணைப்பணிகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் இன்றைக்கு ஓடும். நாளைக்கு ஒரு பணி இன்னொன்று முடிந்த பிறகே தொடங்க வேண்டும் என்ற முன்பணித் தொடர்பைச் சேர்ப்பீர்கள். அப்போது ஒரே பணி இரண்டு இடத்தில் நகலாக எழுதப்படும், வாசித்தால் இரண்டு தனித்தனி ஆப்ஜெக்டாக வரும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பழையதாகவே நிற்கும். ஆகவே எல்லாப் பணிகளையும் ஒரே மட்டத்தில் லிஸ்டாக எழுதி, தொடர்புகளை அடையாளத்தால் மட்டும் சுட்டுங்கள்:

{
  "பதிப்பு": 1,
  "பணிகள்": [
    {
      "அடையாளம்": "9007199254740993",
      "தலைப்பு": "வரைவைச் சரிபார்த்தல்",
      "கெடு": "2024-03-15",
      "நிலை": "நடப்பில்",
      "குறிச்சொற்கள்": ["அவசரம்", "ஆவணம்"],
      "மதிப்பீடு_நிமிடம்": 435
    },
    {
      "அடையாளம்": "9007199254740994",
      "தலைப்பு": "படங்களைச் சேர்த்தல்",
      "தாய்ப்பணி": "9007199254740993",
      "கெடு": "2024-03-12",
      "நிலை": "தொடங்கவில்லை",
      "குறிச்சொற்கள்": [],
      "மதிப்பீடு_நிமிடம்": 90
    }
  ]
}

தாய்ப்பணியை மட்டும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். துணைப்பணிகளின் லிஸ்ட் ஆவணத்தில் இல்லை. அதை இதிலிருந்தே பெற்றுவிடலாம். ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதினால் ஒருநாள் இரண்டும் முரண்படும். வாசிக்கும்போது இரண்டு சுற்றாகச் செய்யுங்கள்: முதல் சுற்றில் எல்லாப் பணிகளையும் உருவாக்குங்கள், இரண்டாவது சுற்றில் அடையாளங்களைப் பார்த்துத் தாயையும் சேயையும் இணையுங்கள். சுட்டப்படும் அடையாளம் ஆவணத்திலேயே இல்லை என்றாலோ, தாய்ச் சங்கிலி சுற்றி வந்து அதே பணியில் முடிந்தாலோ அங்கேயே நிறுத்திப் பிழை சொல்லுங்கள். அந்த ஆப்ஜெக்ட் உள்ளே நுழைந்துவிட்டால் பிழை வேறெங்கோ, வேறு உருவத்தில் வெடிக்கும்.

மதிப்பிட்ட மணிநேரத்தை நிமிடமாக மாற்றியிருக்கிறேன். பைத்தானின் ஜேசான் மாட்யூல் டெசிமலை ஏற்காது என்பதால் அதை மிதவை எண்ணாக மாற்றித்தான் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும் உலகம் அது. நிமிடம் என்ற முழு எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. அலகைப் புலப்பெயரிலேயே எழுதிவிடுவது என் வழக்கம். வெறுமனே ‘மதிப்பீடு’ என்று இருந்தால் வாசிப்பவர் மணியா, நாளா, நிமிடமா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். நிமிடத்திலும் பின்னம் வரக்கூடிய தகவல் என்றால் டெசிமலைச் சரமாக எழுதுங்கள்.

தேதி. இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். காரணம் ஜேசானில் தேதி என்ற வகையே கிடையாது என்பது மட்டுமல்ல. ‘15ஆம் தேதி கெடு’ என்பது நாட்காட்டியில் ஒரு கட்டம். ‘இந்தப் பதிவு இந்த நொடியில் நடந்தது’ என்பது காலக்கோட்டில் ஒரு புள்ளி. இரண்டும் வெவ்வேறு வகைத் தகவல். உங்கள் ஜேசானில் "2024-03-15" என்று சரியாகவே போயிருக்கலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் தன் தேதி ஆப்ஜெக்டுக்குள் அதை வாங்கும்போது யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். யூடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருப்பவருக்கு அந்தக் கணம் இன்னும் முந்தைய நாள் மாலைதான். ஆகவே 14 என்று காட்டும். தேதி மட்டும் உள்ள சரத்தை உலாவியில் தேதி ஆப்ஜெக்டாகவே மாற்றாதீர்கள். ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து அப்படியே காட்டுங்கள். நடந்து முடிந்த கணங்களுக்கு ஆர்எஃப்சி 3339 வடிவத்தில், யூடிசியிலிருந்து எவ்வளவு வேறுபாடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பைத்தானில் மண்டலம் சொல்லாத நேர ஆப்ஜெக்டைச் சரமாக்கினால் வேறுபாடு இல்லாத வெறும் நேரம்தான் வரும். எழுதும் ஃபங்ஷனிலேயே அதை மறுத்துவிடுவது நல்லது. வருங்காலச் சந்திப்புகளைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் தனித்தனியாக வையுங்கள். மண்டல விதிகளை அரசுகள் மாற்றுகின்றன. இன்றைய விதிப்படி யூடிசிக்கு மாற்றிவைத்த நேரம் நாளை தவறாகிவிடலாம்.

செட்டை வரிசைப்படுத்தி எழுதுங்கள். வரிசைப்படுத்தாவிட்டால் எதுவுமே மாறாதபோதும் கோப்பு வேறாகத் தெரியும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவது வீண் வேலையாகிவிடும். நிலைக்கு ஈனத்தின் வரிசை எண்ணை எழுதாமல் பெயரை எழுதுங்கள். நடுவில் புதிய நிலை ஒன்றைச் சேர்த்தால் எண்கள் நகர்ந்துவிடும்.

தமிழ்த் தலைப்புகள்: பைத்தானின் ஜேசான் மாட்யூல், ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பு) அல்லாத எல்லா எழுத்தையும் தப்புக்குறியாக (பின்சாய்வுக் கோடும் குறியீட்டு எண்ணுமாக) மாற்றுவதை இயல்பாக வைத்திருக்கிறது. ஒரு விருப்பத்தை அணைத்தால் நேரடியாக எழுதும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து யூனிகோட் குறியீடுகள் இருக்கின்றன. யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் பைட் வடிவத்தில் அது 15 பைட். தப்புக்குறியாக எழுதினால் 30 பைட். இரண்டுமே சரியான ஜேசான்தான், வாசித்தால் ஒரே மதிப்புதான். மனிதர் திறந்து பார்க்கும் கோப்பு என்றால் நேரடி எழுத்தே நல்லது. கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று: ‘கொ’ என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். ஜேசான் இதைத் திருத்தாது. எல்லையில் வாசிக்கும்போதே என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். குறிச்சொற்களை ஒப்பிடும் உங்கள் மென்பொருளுக்கு இது கட்டாயம்.

இனி பிக்கிள். மறுமொழி 1இல் சொன்னது ஓரளவுக்குச் சரி. பகிரப்பட்ட குறிப்புகளையும் சுற்றுகளையும் பிக்கிள் சரியாகவே தாங்கும். ஆனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிக்கிள் கோப்புக்குள் இருப்பது வெறும் தகவல் என்று எண்ணாதீர்கள். அது ஆப்ஜெக்டை மீண்டும் கட்டுவதற்கான கட்டளைகளின் தொடர். ‘இந்த ஃபங்ஷனை இந்த மதிப்புகளோடு அழை’ என்பதும் அந்தக் கட்டளைகளில் ஒன்று. கோப்பில் கைவைக்க முடிந்த எவரும் உங்கள் சர்வரில் தாம் விரும்பிய எதையும் இயக்கலாம். நம்பாத தகவலைத் திறக்காதீர்கள் என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. ஜாவாவின் உள்ளமைந்த சீரியலைசேஷனிலும் (ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக எழுதித் திரும்பக் கட்டும் வசதி) இதே நோய்தான். 2015இல் காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் லைப்ரரி வழியாக அது எத்தனை எளிதாகச் சுரண்டப்படலாம் என்பது பரவலாகத் தெரிந்தது. 2017ஆம் ஆண்டின் ஓவாஸ்ப் (மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு) முதல் பத்து ஆபத்துகள் பட்டியலில் இதற்கென்றே ஓர் இடம் கொடுக்கப்பட்டது.

பாதுகாப்பை ஒதுக்கிவைத்தாலும், பிக்கிள் கிளாஸின் பெயரையும் மாட்யூலின் பெயரையும் கோப்புக்குள் எழுதிவைக்கிறது. கிளாஸை வேறு மாட்யூலுக்கு நகர்த்தினால் பழைய கோப்பு திறக்காது. ஒரே இயக்கத்துக்குள் உருவாகி அதே இயக்கத்தோடு அழியும் இடைக்காலச் சேமிப்புக்கு அதைப் பயன்படுத்தலாம். பயனரின் பணிகளை அதில் வைக்காதீர்கள்.

கடைசியாகச் சோதனை. எழுதித் திரும்ப வாசித்தால் அதே ஆப்ஜெக்ட் வர வேண்டும் என்ற சோதனையை எல்லோரும் எழுதுவார்கள். ஹைபோதிசிஸ் போன்ற கருவியைக் கொண்டு விதவிதமான மதிப்புகளைத் தானாக உருவாக்கியும் ஓட்டலாம், ஓட்டுங்கள். ஆனால் உங்கள் அடையாள எண் கோளாறை அந்தச் சோதனை ஒருபோதும் பிடித்திருக்காது. பைத்தானே எழுதி பைத்தானே வாசித்தால் பெரிய எண்ணும் பத்திரமாகத் திரும்பி வரும், தொலைவது உலாவியில். அதனால் மாதிரிக் கோப்புகள் சிலவற்றைக் கையால் எழுதி வையுங்கள்: 9007199254740993 உள்ள ஒன்று, வெற்றுச் செட் உள்ள ஒன்று, ‘கொ’வை இரண்டு விதமாகவும் எழுதிய ஒன்று, ஆண்டின் கடைசி நாளைக் கெடுவாகக் கொண்ட ஒன்று. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ மூன்று பக்கமும் அதே கோப்புகளை வாசித்து ஒரே பொருளைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் பழைய பதிப்பின் மாதிரிகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தின் தலையில் பதிப்பு எண் இட்டிருப்பது அதற்காகத்தான்.

மறுமொழி 3: இருமம்

புரோட்டோபஃப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் அதை மட்டும் சொல்கிறேன். மேலே உள்ள மறுமொழியோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு.

கூகுள் 2008இல் திறந்த மூலமாக வெளியிட்ட இந்த வடிவத்தில் புலப்பெயர்கள் பைட்டுகளில் போவதே இல்லை, எண்கள்தான் போகின்றன. புலம் 1இல் 150 என்ற மதிப்பு இருந்தால் கம்பியில் போவது மூன்றே பைட், பதினாறடிமானத்தில் 08 96 01. முதல் பைட்டில் புல எண்ணும் வகையும், அடுத்த இரண்டில் மதிப்பும். ஆகவே நிரலில் புலத்தின் பெயரை மாற்றினால் இரும வடிவத்தில் எதுவும் உடையாது. எண்ணை மாற்றினால் எல்லாம் உடையும். நீக்கிய புலத்தின் எண்ணை ஒருபோதும் வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது; ஒதுக்கப்பட்டது என்று ஸ்கீமாவிலேயே (புலங்களின் வரையறையிலேயே) குறித்துவிட வேண்டும். 1 முதல் 15 வரையிலான எண்களுக்கு அந்த முதல் பகுதி ஒரே பைட்டில் அடங்கிவிடும் என்பதால் அடிக்கடி வரும் புலங்களுக்கு அவற்றைக் கொடுப்பது வழக்கம்.

உங்கள் நிலையில் நான் இப்போது அங்கே போகமாட்டேன். உலாவி ஒரு முனையில் இருக்கிறது, தகவல் சிறியது, கோப்பைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு இன்னும் இருக்கிறது. அறிக்கைச் சேவைக்குப் பெருமளவில் தகவல் போகத் தொடங்கினால் அந்த ஒரு பாதைக்கு மட்டும் மாற்றலாம். ஸ்கீமா இல்லாமல் சுருக்கமான வடிவம் மட்டும் வேண்டும் என்றால் சீபோர் என்ற இரும வடிவம் இருக்கிறது. 2020இல் வந்த ஆர்எஃப்சி 8949 அதன் தற்போதைய வரையறை. அதில் பைட் தொடருக்கும் நேரத்துக்கும் தனி இடம் உண்டு.

மேலே பேசப்படாத ஒன்று: தெரியாத புலங்கள். உங்கள் பழைய உலாவிப் பதிப்பு புதிய சர்வரிடமிருந்து பணியை வாசித்து, தலைப்பைத் திருத்தித் திரும்ப அனுப்பினால், தனக்குத் தெரியாத புதிய புலங்களை வழியில் உதிர்த்துவிடும். புரோட்டோபஃபின் மூன்றாம் வடிவம் தொடக்கத்தில் அப்படித்தான் உதிர்த்தது, 3.5 பதிப்பிலிருந்து அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பி எழுதுகிறது. ஜேசானில் இந்தப் பொறுப்பு உங்களுடையது.

புதுநிரல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெளி வடிவத்தைத் தாளில் எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதும்போதே ஒரு சந்தேகம் வந்தது. தாய்ப்பணி இல்லாத பணிக்கு, மேலே உள்ள எடுத்துக்காட்டில் அந்தப் புலமே இல்லை. அதை விட்டுவிடுவதா, நல் (null, ‘எதுவுமில்லை’) மதிப்பு கொடுத்து எழுதுவதா, வெற்றுச் சரமா? தெரியாத புலங்கள் பற்றி இருமம் சொன்னதைப் படித்த பிறகு இது இன்னும் குழப்பமாக இருக்கிறது. பழைய உலாவி ஒரு புலத்தை அனுப்பவில்லை என்றால், அது தெரியாததால் அனுப்பவில்லையா, பயனர் அழித்ததால் அனுப்பவில்லையா?

பழையகோப்பு

மிக நல்ல கேள்வி. வெற்றுச் சரம் வேண்டவே வேண்டாம். அது ‘வெற்றுப் பெயருடைய ஒரு தாய்’ என்று பொருள்தரும் மதிப்பு. மற்ற இரண்டில் எது என்பது ஆவணம் எதற்காகப் போகிறது என்பதைப் பொறுத்தது.

முழுப் பணியையும் விவரிக்கும் ஆவணத்தில், இல்லாததை விட்டுவிடலாம். வாசிப்பவர் புலம் இல்லாததையும் நல் மதிப்பையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளட்டும். அதைத் தாளில் எழுதிவையுங்கள்.

திருத்தம் மட்டும் சொல்லும் ஆவணத்தில் இரண்டும் ஒன்றல்ல. அங்கே புலம் இல்லை என்றால் ‘இதைத் தொடாதே’. நல் மதிப்பு என்றால் ‘இதை அழித்துவிடு’. இதற்கென்றே 2014இல் ஆர்எஃப்சி 7396 வந்திருக்கிறது. நீங்களாக ஒரு விதியை உருவாக்க வேண்டியதில்லை. உங்கள் உலாவி முழுப் பணியைத் திருப்பி அனுப்புவதை நிறுத்தி, மாறிய புலங்களை மட்டும் இந்த விதிப்படி அனுப்பினால், இருமம் சொன்ன சிக்கலும் இங்கேயே தீர்ந்துவிடும். பழைய உலாவி தனக்குத் தெரியாத புலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சர்வரும் அதைத் தொடாது.

இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பைத்தானில் டிக்‌ஷனரியிலிருந்து மதிப்பை எடுக்கும் வழக்கமான முறை, சாவி இல்லாதபோதும் நல் மதிப்பு இருக்கும்போதும் ஒரே விடையைத் தரும். திருத்தத்தை வாசிக்கும்போது சாவி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மதிப்பை எடுங்கள். ஜாவாஸ்கிரிப்டிலோ, வரையறுக்கப்படாத மதிப்புள்ள புலத்தை ஜேசானாக்கும்போது அது சத்தமில்லாமல் மறைந்துவிடும். பயனர் தாய்ப்பணியை நீக்கியபோது உங்கள் படிவம் அந்தப் புலத்தில் வரையறுக்கப்படாத மதிப்பை வைத்தால், சர்வருக்கு எதுவுமே போகாது, நீக்கம் நடக்காது. அங்கே நல் மதிப்பை வெளிப்படையாக வையுங்கள். இந்த இரண்டையும் மாதிரிக் கோப்புகளில் சேர்த்துவிடுங்கள்: தாய்ப்பணிப் புலமே இல்லாத ஒரு திருத்தம், அதே புலம் நல் மதிப்போடு உள்ள ஒரு திருத்தம்.